கம்பத்தில் இருக்கும் அத்தா

கீழ்க்கட்டளையில் ஷாகுலைத் தெரியாதவர்கள் குறைவு. மேடவாக்கம் மெயின் ரோட்டில் கார் சீட்டுக்கும் சோபாவுக்கும் குஷன் அடிக்கிற கடை. கை நல்ல கை, வாய் அதைவிட நல்ல வாய். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். பள்ளிவாசல் கமிட்டியில் வேறு இருந்தான். ஊருக்கு நியாயம் சொல்வதென்றால் அவனுக்குச் சாப்பாடே வேண்டாம். அப்படிப்பட்டவன் சில மாதங்களாக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிக்கொண்டிருந்தான். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. கடையில் வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். ஷாகுலைப் பெற்ற அத்தா பாட்சா முடிச்சூர் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அவர் தேனிப் பக்கம் கம்பத்தில் தங்கச்சி தபஸ்ஸும் வீட்டில் இருக்கிறார் என்று ஷாகுல் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தான்.

அவரை இல்லத்தில் சேர்த்ததில் ஒரு குற்றமும் இல்லை. எண்பது தாண்டிய மனுஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து நாலு வருஷம் அவரைத் தூக்கி உட்கார வைத்தது, குளிப்பாட்டியது, கக்கூசுக்குக் கூட்டிப்போனது எல்லாம் மருமகள் ஜஹீராதான். ஷாகுல் காலையில் கடைக்குப் போனால் இருட்டிய பிறகு வருவான். வந்து, "அத்தா சாப்பிட்டாரா?" என்று கேட்பான். அதோடு அவன் பங்கு முடிந்தது. ஏஜென்சியிலிருந்து வந்த நர்ஸம்மாக்கள் ஒரு மாதம் இருந்தால் பெரிய விஷயம். கடைசியில் ஜஹீராவின் முதுகு போயிற்று. தாம்பரத்து டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து ஜஹீரா அதைப் புருஷனிடம் மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்து அறையில் பெரியவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க," என்று கூப்பிட்டார். "இந்தப் பொண்ணு முதுகை ஒடிச்சிட்டு நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுத் தொழுவேன்? எனக்கு ஒரு இடம் பாருங்க. நல்ல இடமா பாருங்க."

ஜஹீரா அழுதாள். ஷாகுலுக்கு உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியதும் உண்மை, அப்படி இறங்கியதே என்று வெட்கப்பட்டதும் உண்மை.

பொத்தேரிப் பக்கம் ஓர் இடம் பார்த்தார்கள். உள்ளே நுழைந்ததும் வந்த வாடையிலேயே ஜஹீரா திரும்பிவிட்டாள். முடிச்சூர் இல்லம் அப்படியில்லை. படிக்குப் பதில் சரிவுப் பாதை, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, எப்போது கூப்பிட்டாலும் ஆள். நடத்துகிற சாலமன் முதல் கேள்வியாக, "பெரியவர் எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவார்?" என்று கேட்டு, கால் மேற்கே நீளாதபடி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். தீபாவளி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் பெரியவர் அங்கே போய்ச் சேர்ந்தார். ரமா என்ற பணிப்பெண் முதல் நாளே அவரைத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இதுவரைக்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டிய காரியத்தை ஷாகுல் அடுத்த வெள்ளிக்கிழமைதான் செய்தான்.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது முத்தவல்லி, அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற பெரியவர், பாட்சாவின் நாற்பது வருஷ சிநேகிதர், அவன் தோளில் கை போட்டார். "அத்தாவை எங்கப்பா காணோம்? நேத்து உன் வீட்டுப் பக்கம் வந்தேன், பூட்டியிருந்துச்சு."

ஷாகுல் வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லத்தான் திறந்தான். எதிரே, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் குழாயடியில் சுஃபியான் நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் ஷாகுலின் வாய் தானாக வேறு பேசியது. "கம்பத்துக்குப் போயிருக்காரு மாமா. தங்கச்சி வீட்டுக்கு. அங்கதான் இனிமே."

சுஃபியான் மோட்டார், பைப் வேலை காண்ட்ராக்ட் எடுக்கிறவன். அவனுடைய அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போய், வீட்டை விட்டு இறங்கிப் பல்லாவரம் வரை நடந்துவிடுவார். தேடித் தேடி ஓய்ந்துபோய் அவன் ஓர் இல்லத்தில் சேர்த்தான். அது தெரிந்ததும் இதே குழாயடியில் நாலு பேர் நடுவே ஷாகுல் முழங்கினான். "பெத்தவளை ஹாஸ்டல்ல தள்ளினவன் வீட்டுச் சோறு எனக்கு இறங்காதுப்பா." சுஃபியான் மகள் கல்யாணத்துக்கு அவன் போகவில்லை. அவன் போகவில்லை என்பதால் பாதித் தெரு போகவில்லை. ஆக்கிய பிரியாணி மீந்துபோய் வேன் வைத்து எங்கேயோ கொண்டு கொடுத்ததாகச் சொன்னார்கள். அந்த அம்மா மறு வருஷம் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். சுஃபியான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசியதில்லை. வழியில் பார்த்தால் அவன்தான் முதலில் சலாம் சொல்வான். அந்த சலாம் ஷாகுலுக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் உறைத்தது.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த வாரம் தொழ வைக்கிற ஹஜ்ரத் பிரார்த்தனையாக துஆ ஓதும்போது, "வயசான தகப்பனைத் தன் வீட்டுல வச்சுப் பார்க்கிற அந்த மகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக," என்றார். பள்ளிவாசல் முழுக்க ஆமீன் சொன்னது. ஷாகுலும் சொன்னான். சொன்ன வாயை அங்கேயே பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் ஜஹீராவிடம் பெண்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். "உன் நாத்தனார் கொடுத்து வச்சவ. உனக்கும் இனிமே நிம்மதி." நிம்மதி என்ற சொல்லை ஒரு மாதிரி இழுத்துச் சொன்னார்கள். ஜஹீரா டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்து, ஷாகுல் வந்ததும் கேட்டுவிட்டாள்.

"என் நாலு வருஷத்தைத் தூக்கி உங்க தங்கச்சி கையில கொடுத்துட்டீங்க. இல்லத்துல விட்டோம்னு சொன்னா ஏசுவாங்க. ஏசிட்டுப் போகட்டுமே. நான் பார்த்தது பார்த்ததா இருந்திருக்கும். இப்ப அதுக்கு என் முதுகு மட்டும்தான் சாட்சி."

"கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்லிடறேன்," என்றான் ஷாகுல். வாரத்துக்கு இரண்டு நாள் அவள் தாம்பரத்தில் முதுகுக்குப் பயிற்சி எடுக்கப் போவாள். அங்கிருந்து அப்படியே பஸ் ஏறி முடிச்சூர் போய் மாமனாரைப் பார்த்து வருவாள். பெரியவருக்கு நகம் வெட்டிவிட்டு வருவதைக்கூடத் திருட்டுத்தனம் மாதிரி செய்ய வேண்டியிருந்தது அவளுக்கு.

பெரியவரையும் அவன் விட்டுவைக்கவில்லை. பள்ளிவாசல் சிநேகிதர்கள் அவருக்கு போன் பண்ணுவார்களே என்று பயந்து, பொய் சொன்ன அன்றைக்கே முடிச்சூருக்கு ஓடினான். தயங்கித் தயங்கிச் சொன்னான். "யாராவது பேசினா, கம்பத்துல இருக்கேன்னு சொல்லிடுங்கத்தா."

பாட்சா மகனைப் பார்த்தார். கோபமில்லை. "எனக்குப் பொய் சொல்ல வராதுடா. பேசாம இருக்க வரும்," என்றார். போனை அணைத்து, அலமாரியில் வைக்கச் சொல்லி ரமாவிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் இருந்தவரை அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு அடிக்கடி முத்தவல்லியோடு போனில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தவர், அதோடு பேச்சை விட்டார். முத்தவல்லி கேட்டதற்கு, மலைப்பக்கம் சிக்னல் கிடைக்கவில்லை என்று ஷாகுல் சொல்லி வைத்தான்.

ரமலான் வந்தது. டாக்டர் வேண்டாம் என்றும் பெரியவர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நோன்பு வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். முதல் வாரம் மகனிடம் ஒரே ஒரு முறை கேட்டார். "நம்ம பள்ளிவாசல் கஞ்சி கொஞ்சம் கொண்டாரியா?"

பள்ளிவாசலில் அஸர் முடிந்ததும் அண்டாவிலிருந்து கஞ்சி ஊற்றுவார்கள். அவரவர் தூக்குவாளி கொண்டுபோய் வாங்கி வரலாம். ஷாகுல் வீட்டுக்கு வழக்கமாக ஒரு வாளி. இரண்டாவது வாளியை நீட்டினால், யாருக்கு என்று யாராவது கேட்பார்கள். அவ்வளவுதான், அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவன் வெறுங்கையோடு போய், "கூட்டம் அத்தா, தீர்ந்துபோச்சு," என்றான். பள்ளிவாசல் வெறும் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையாக இருந்த காலத்தில் அந்த அண்டாவில் கரண்டி போட்டுக் கிண்டிய மனுஷனுக்கு இந்தப் பதில். பெரியவர் மறுபடி மகனிடம் கேட்கவில்லை. சாலமனிடம் கேட்டார்.

இது ஷாகுலுக்குத் தெரியாது. ரமலானின் நடுப்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, கமிட்டி ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது சுஃபியான் வந்தான். "முடிச்சூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல போர் மோட்டார் வேலை பார்த்தேன். அங்க ஒரு பாய் நோன்பு வைக்கிறாராம், கஞ்சி கிடைக்குமான்னு நடத்துறவர் கேட்டாரு. ஒருத்தருக்குன்னு எடுத்துட்டுப் போறதுக்கு, அங்க இருக்கிற எல்லாப் பெரியவங்களுக்குமே கொண்டு போகலாமேன்னு நினைச்சேன்."

"நல்ல காரியம், இன்னிக்கே போவோம்," என்றார் முத்தவல்லி. "ஷாகுல், உன் லோடு வண்டி சும்மாதானே நிக்குது?"

ஷாகுலின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டி ரிப்பேர் என்று சொல்ல வாயெடுத்தான். வண்டி பள்ளிவாசல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு சாலமனுக்கு போன் போட்டான்.

"சார், இன்னிக்கு சாயங்காலம் எங்க பள்ளிவாசல்லேருந்து வருவாங்க. அத்தாவை ரூம்லயே வச்சிக்குங்க. வெளிய விடாதீங்க."

அந்தப் பக்கம் சாலமன் குரலைத் தாழ்த்தினார். "கஞ்சி கேட்டதே அவர்தான் சார்."

"நானே ரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

"சரி சார்," என்றார் சாலமன். அந்தச் 'சரி சார்' எப்படிக் கேட்டது என்பதை ஷாகுல் பிறகு ரொம்ப நாள் நினைத்துக்கொண்டான். பெற்ற தகப்பனை ஒளித்து வைக்கச் சொன்ன ஆளிடம் வேறெப்படிப் பேசுவார்கள்?

அஸர் முடிந்து கிளம்பினார்கள். பின்னால் அண்டா ஆடாமல் பிடித்துக்கொண்டு சுஃபியான், முன்னால் ஷாகுலும் முத்தவல்லியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரத்திலிருந்தே நெரிசல். முத்தவல்லிக்கு வழியெல்லாம் பாட்சா நினைப்புதான். "கம்பத்துல உங்க அத்தாவுக்குக் கஞ்சி கிடைக்குதாப்பா?" என்று கேட்டார்.

"கிடைக்குது மாமா," என்றான் ஷாகுல், ரோட்டைப் பார்த்தபடி.

இல்லத்தில் சாலமன் மூன்று பேரையும் ஒரே மாதிரி கைகூப்பி வரவேற்றார். சாப்பாட்டுக் கூடத்தில் பெரியவர்கள் ஆளுக்கொரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் நோன்புக் கஞ்சியை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறார்கள். இதில் இஞ்சி உண்டா, காரம் உண்டா என்று விசாரணை நடந்தது. முத்தவல்லிக்கு ஒரே சந்தோஷம். ஷாகுல் தலையைக் குனிந்து ஊற்றிக்கொண்டே போனான். ஒரு கிண்ணத்தைத் தனியாக ஓரத்தில் வைத்தான். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்ததும் நழுவிப்போய்க் கொடுத்துவிடலாம் என்று கணக்கு.

வராந்தாவில் வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

பாட்சா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் வாசனை. பெருநாளுக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி வந்திருந்தார். பின்னால் ரமா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "இன்னா சொல்லியும் கேக்கல சார். ரூம்லயே இரு தாத்தான்னு சொல்லிக்கினே இருந்தேன். எங்க பள்ளிவாசல் ஆளுங்க வந்துகீறாங்க, நான் பார்க்கணும்னு கெளம்பிட்டாரு."

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார் பெரியவர், முகமெல்லாம் சிரிப்பாக.

முத்தவல்லி பதில் சலாம் சொல்லக்கூட மறந்து நின்றார். "பாட்சா பாய்? நீங்க கம்பத்துல இல்ல இருக்கீங்க?"

பாட்சா மகனைப் பார்த்தார். மகன் கையில் கரண்டி, முகத்தில் ரத்தமில்லை. ஓரத்தில் தனியாக வைத்த கிண்ணத்தையும் பார்த்தார். தன்னை ஏன் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு அவர் திரும்பவும் சிரித்தார், வேறு மாதிரி.

"கம்பத்துலதான் பாய் இருக்கேன்," என்றார். "தபஸ்ஸும் வீட்டுல. காலுக்குப் பயிற்சி கொடுக்க இங்க நல்ல ஆள் இருக்காங்கன்னு ஷாகுல்தான் போன வாரம் கூட்டியாந்தான். பெருநாள் கழிச்சுத் திரும்பிப் போயிடுவேன். உங்ககிட்ட சொல்லாம வந்து நிக்கணும்னு நான்தான் அவனைச் சொல்ல வேணாம்னேன்."

பொய் சொல்ல வராது என்று ஐந்து மாதம் ஊமையாகக் கிடந்தவர், இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். அதுவும் நோன்பு வாயோடு. நோன்பு வைத்துக்கொண்டு பொய் பேசுகிறவனுக்குப் பசியும் தாகமும்தான் மிச்சம் என்று ஷாகுலுக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்ததே அவர்தான். ஷாகுல் நின்ற இடத்தில் குறுகிப்போனான். மேலே விழுந்து அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"அதானே பார்த்தேன்," என்று முத்தவல்லிக்கு மூச்சு வந்தது. "மகள்னா அவதான் மகள். வச்சுப் பார்க்கிறாளே."

சாலமன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுஃபியான் சுவரைப் பார்த்தான். சுவரில் இல்லத்துப் பொங்கல் விழாப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. பானையைச் சுற்றிப் பெரியவர்கள். முன்வரிசையில் தொப்பியோடு, கையில் கரும்புத் துண்டோடு பாட்சா. போன வாரம் வந்தவர் பொங்கலுக்கு எப்படி இருப்பார்? முத்தவல்லி உட்கார இடம் தேடி அந்தப் பக்கம் திரும்பினார். சுஃபியான் சட்டென்று நகர்ந்து படத்துக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். "மாமா, நீங்க இப்படி உட்காருங்க, ஃபேன் காத்து வரும்," என்று எதிர்ப்பக்க நாற்காலியைக் காட்டினான்.

ஷாகுல் அதைப் பார்த்தான். சுஃபியான் தன்னைப் பார்ப்பான், ஒரு பார்வையாவது பார்ப்பான் என்று காத்திருந்தான். சுஃபியான் பார்க்கவேயில்லை. ஊர் முன்னால் தன்னை அவமானப்படுத்தியவனுக்கு ஒரு திரைச்சீலையாக நின்றுகொண்டு, தரையில் சிந்தியிருந்த கஞ்சியைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"மாமா," என்றான் ஷாகுல். குரல் அவனுக்கே கேட்கவில்லை. கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டுத் திரும்பவும் சொன்னான். "மாமா, அத்தா கம்பத்துக்குப் போகவே இல்ல. தீபாவளியிலேருந்து இங்கதான் இருக்காரு. நான்தான் கொண்டாந்து விட்டேன். உங்ககிட்டல்லாம் பொய் சொன்னேன். இன்னிக்கு அவரை ரூம்லயே வச்சிருங்கன்னு போன் போட்டுச் சொன்னதும் நான்தான்."

ஷாகுல் அதோடு நிறுத்தவில்லை.

"தபஸ்ஸும் ஒண்ணும் பார்க்கல. நாலு வருஷம் பார்த்தது ஜஹீரா. அவ முதுகு போற வரைக்கும் பார்த்தா. நீங்க எல்லாரும் அவளைத் தப்பா நினைச்சீங்க, நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

முத்தவல்லி பாட்சாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்டா ஷாகுல், சொல்லியிருந்தா நாங்க என்ன உன்னைத் தின்னுடுவோமா?"

தின்றிருப்பார்கள். ஒரு ஆளை ஏற்கெனவே தின்றிருந்தார்கள், பந்தியைத் தொடங்கி வைத்தது ஷாகுல். அவன் சுஃபியான் பக்கம் திரும்பினான். "உங்க அம்மா விஷயத்துல நான் அன்னிக்குப் பேசினது..."

"கஞ்சியை ஊத்துங்க பாய்," என்றான் சுஃபியான். "பாங்கு சொல்லப் போறாங்க."

அதற்கு மேல் அவன் இடம் கொடுக்கவில்லை. மன்னித்துவிட்டான் என்றும் சொல்ல முடியாது, மன்னிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஷாகுல் கடைசிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். முத்தவல்லி சிநேகிதரின் மறுபக்கம் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சுஃபியானின் போனில் பாங்கு ஒலித்தது. சாலமன் பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார்.

பாட்சா ஒரு பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கஞ்சியை இரண்டு மடக்கு உறிஞ்சினார். ஆசைப்பட்டுக் கேட்ட கஞ்சி. முகத்தில் அந்த ஆசை இல்லை. மகன் பக்கம் திரும்பாமலே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இதை ஒரு நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா, நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க வேணாமேடா."